சுண்ணாம்பாற்றிலிருந்து ஊட்டிக்கு: மலையூரில் குடியேற நினைப்பவருக்கு

மே மாதத்தில் ஊட்டிக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு, "இங்கேயே இருந்துவிடலாம்" என்று முடிவெடுப்பவர்கள்தான் ஜூலையில் மூட்டையைக் கட்டுகிறார்கள். மே மாத ஊட்டி விருந்தாளிக்கான ஊர். குடியிருப்பவனின் ஊட்டி ஜூலை மழையிலும் ஜனவரி உறைபனியிலும்தான் தெரியும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லா வேலைகளுக்கும் இந்த ஒரு விஷயமே அடிப்படை.

நோணாங்குப்பம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கத்தில் படகுத்துறை, ஓட்டல், மீன்பிடி, பேக்கரி, டிரைவர் வேலை என்று இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் வரிசை மாறாது.

சரியான மாதத்தில் போய்ப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஊட்டியின் முதல் சீசன் ஏப்ரல், மே. கடலுக்குப் போக முடியாத நாட்களில்தான் மலையில் ஆள் தேவை உச்சத்தில் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1. தடைக்காலத்தில் ஒருவர் மட்டும் போய் சீசன் வேலை பாருங்கள். குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும். சம்பளம் கிடைக்கும், முதலாளிமார் நாலு பேர் அறிமுகமாவார்கள்.
2. ஜூலை பின்பாதியில் ஒரு வாரம் போய்த் தங்குங்கள். தென்மேற்குப் பருவமழை, பனிமூட்டம், மின்தடை, காலியான கடைத்தெரு எல்லாவற்றையும் பாருங்கள்.
3. ஜனவரியில் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். விடிகாலையில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவப்போவது யாரோ, அவர் சொல்வதுதான் கடைசி முடிவு.
4. அதன் பிறகே வீடு, அட்வான்ஸ், லாரி.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் மே கடைசியில்தான் மாற முடியும். அப்போதும் ஜூலை, ஜனவரிப் பயணங்களை முந்தைய கல்வியாண்டிலேயே முடித்துவிடுங்கள்.

எந்த ஊர்?

நீலகிரி என்றால் ஊட்டி மட்டுமல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிர் அதிகம், சுற்றுலா வேலையும் அதிகம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். குளிர் தாங்கும்படி இருக்கும், தேயிலைத் தொழிலின் தலைமையிடம் அதுதான். வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைத்தான் அதிகம் தாக்கும். கூடலூர் தாழ்ந்த ஊர். வெதுவெதுப்பும் அடைமழையும் யானையும் சேர்ந்து இருக்கும். வயதான பெற்றோர் உடன் வருவதாக இருந்தால் என் யோசனை குன்னூர் அல்லது அருவங்காடு. ஊட்டியில் வேலை கிடைத்தாலும் பஸ்ஸில் போய் வரலாம்.

புறப்படும் முன் புதுச்சேரியில் முடிக்க வேண்டியவை

கடலூருக்கு ஒரு நடை போய் வருவதுபோல இதை நினைக்காதீர்கள். நீங்கள் யூனியன் பிரதேசத்தை விட்டு ஒரு மாநிலத்துக்குள் குடிபோகிறீர்கள். காகிதங்கள் இங்கே முடியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும்.

1. ரேஷன் அட்டை. புதுச்சேரி அட்டையிலிருந்து பெயர்களை நீக்கி, நீக்கியதற்கான சான்றை வாங்குங்கள். அது இல்லாமல் தமிழ்நாட்டில் புது அட்டைக்கு மனுப் போட்டால் இழுத்தடிக்கும்.
2. வாக்காளர் பட்டியல். புது வீட்டு முகவரிச் சான்று கிடைத்ததும் படிவம் 8 போதும். அவசரமில்லை.
3. வண்டி. ‘பி.ஒய்.’ எண் வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். புதுச்சேரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்குங்கள்; அங்கே போய் படிவம் 27 கொடுத்து, தமிழ்நாட்டு வரியைக் கட்டுங்கள். பழைய வண்டிக்கு வரி கட்டுவது கட்டுப்படியாகாது என்று தோன்றினால் இங்கேயே விற்றுவிடுவது மேல்.
4. சாதிச் சான்று. ஒரு மாநிலத்தின் சான்று இன்னொரு மாநில அரசு வேலையில் இடஒதுக்கீடு பெற்றுத் தராது. புதுச்சேரிப் பட்டியலும் தமிழ்நாட்டுப் பட்டியலும் வேறு வேறு. அரசு வேலைக் கனவோடு போகிறவர் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கட்டும்.
5. கேஸ் இணைப்பு. ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்குங்கள். மலையில் கள்ள விலைக்கு சிலிண்டர் வாங்கிக் கட்டாது.
6. மருத்துவம். ஜிப்மரில் வைத்தியம் பார்ப்பவர் கோப்பின் நகலையும் மூன்று மாத மருந்தையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம். புத்தகம் மாறுவதைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுச்சேரி சென்டாக் சேர்க்கைக்கோ புதுச்சேரியில் தொடர்ந்து குடியிருந்த சான்று வேண்டும். எட்டாம் வகுப்பில் பிள்ளையை மாற்றினால் இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புக்கு முன் மாறுங்கள், அல்லது பன்னிரண்டு முடியட்டும்.

சாமான் ஏற்றுதல், மலை ஏறுதல்

மின்விசிறியையும் ஏ.சி.யையும் விற்றுவிடுங்கள். பஞ்சு மெத்தை ஈரம் குடிக்கும், அதுவும் வேண்டாம். பிரஷர் குக்கர், வெட் கிரைண்டர், கம்பளி, தடித்த பாய், நல்ல மழைக்கோட்டு கட்டாயம். லாரியில் ஒரு மதுப் புட்டிகூட இருக்கக் கூடாது. "வீட்டுச் சாமான்தானே" என்று சோதனைச் சாவடியில் யாரும் விடமாட்டார்கள், வண்டியோடு பிடித்துவைத்துவிடுவார்கள். டீசல் மட்டும் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை, விலையும் குறைவு.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. ‘டி.என். 43’ எண் வண்டிகளுக்கு விலக்கு. உங்கள் வண்டிக்கும் சாமான் வண்டிக்கும் தனித்தனியாக எடுங்கள். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மாவட்ட எல்லையிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். எவர்சில்வர் குடுவை கொண்டு போங்கள்.

சமதளத்தில் மட்டும் ஓட்டியவருக்கு:

1. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை பகலில் மட்டும் ஏறுங்கள்.
2. ஏறி வரும் வண்டிக்கே வழி. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.
3. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்கள்.
4. கல்லட்டி வழியில் 36 வளைவுகள், கடும் இறக்கம். வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க அனுமதியில்லை. கூகுள் வரைபடம் அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள்.
5. சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழி ஆக்குவார்கள். லாரிகளுக்கும் நேரக் கட்டுப்பாடு வரும். லாரிக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வீடு பார்த்தல்

சீசனில் வீடு தேடாதீர்கள். அப்போது காலியாக இருக்கும் வீட்டை நாள் வாடகைக்கு காட்டேஜாக விட்டால் கிடைக்கும் பணம்தான் உரிமையாளர் கண்ணில் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் தேடினால் வாடகை இறங்கும். வீட்டின் ஒழுக்கலும் அப்போதுதான் தெரியும்.

வீட்டைப் பார்க்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்:

1. வெயில். காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? கிழக்கோ தெற்கோ திறந்த வீடு என்றால் பாதிக் குளிர் இல்லை. மலைச்சரிவின் நிழலில் இருக்கும் வீட்டில் துணி மூன்று நாளானாலும் காயாது.
2. சுவர். அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கருப்புப் பூஞ்சை இருந்தால், புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும், வேண்டாம்.
3. பள்ளமா, மேடா. குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் உறைபனி கடுமை. கால்வாய் ஓரத்து வீடுகளில் கனமழைக்குத் தண்ணீர் ஏறும்.
4. பின்பக்க மண். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் சுவர் இருக்கிறதா? தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டா? சுவரில் வயிறு தள்ளியிருக்கிறதா? 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கங்களில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாடகை குறைவாக இருப்பதற்கு இந்தச் சரிவே காரணமாக இருக்கலாம்.
5. தண்ணீர். மழை கொட்டும் ஊர் என்பதால் குழாயில் தண்ணீர் வரும் என்று நினைக்காதீர்கள். கோடையில் பல பகுதிகளில் சில நாளைக்கு ஒருமுறைதான் வரும். தொட்டியின் அளவைக் கேளுங்கள்; பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். அவர் சொல்வதுதான் நிஜம்.
6. படி. சாலையிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் தூக்கப்போவது நீங்கள்.

நிலம் வாங்கும் யோசனை இருந்தால் முதல் இரண்டு வருஷம் அதைத் தள்ளிப்போடுங்கள். மலை ஊர்களுக்குக் கட்டட விதிகள் தனி. அனுமதி சுலபத்தில் வராது. கூடலூர்ப் பக்கம் விலை மலிவாகச் சொன்னால், 1969-ஆம் ஆண்டு ஜென்மி ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அந்த நிலம் வருகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பட்டா கிடைக்காமல் தலைமுறையாகத் தவிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

முதல் வாரம்: உடம்பும் அடுப்பும்

கடல் மட்டத்தில் வாழ்ந்த உடம்பு ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் போகிறது. லேசான தலைவலி, மூச்சு வாங்குதல், தூக்கம் கலைதல் இரண்டு மூன்று நாளில் சரியாகும். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். இருதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் என்றால் ஏறும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சமையல் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பானையில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் முடியாது. இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, வெந்தயம் கொஞ்சம் கூட்டி, கையாலேயே கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். ஜனவரியில் அதற்கும் ஒரு பகல் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். மீன் விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் கடல் மீன் வரும், ஐஸ் மீன். வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்தே வயதைச் சொல்லும் நோணாங்குப்பத்து ஆட்களுக்கு அது ருசிக்காது. ஊரிலிருந்து கருவாடு கொண்டு போங்கள். ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். காரணம் கீழே.

உயிர்ப் பிரச்சினை: கரி அடுப்பு. குளிருக்குக் கரி மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, கண் எரியாது, தூக்கத்திலேயே உயிர் போகும். அறைக்குள் வைத்த கரி நெருப்பால் மலையூர்களில் மரணங்கள் நடந்திருக்கின்றன. கேஸ் கீசர் உள்ள குளியலறையிலும் காற்று வழி திறந்தே இருக்க வேண்டும். குளிரில் சிலிண்டர் மந்தமாக எரிந்தால் அதை வெந்நீரில் வைப்பதும், நெருப்பருகே உருட்டுவதும் கூடாது.

வாசலில் விலங்கு. குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளில் கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் சாதாரணமாக வந்து போகும். கரடிக்கு எண்ணெய் வாசம் பிடிக்கும். ரேஷன் கடை, கோயில் என்று கதவை உடைத்துப் போன கதைகள் நிறைய. கருவாடு, எண்ணெய், எச்சில் இலை எதையும் வெளியே வைக்காதீர்கள். காட்டெருமை மாடு மாதிரி நிற்கும். செல்பி எடுக்கப் போனவர் குடல் சரிந்திருக்கிறது. இருட்டிய பின் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். ஆபத்து என்றால் வனத்துறை; மழை, மண்சரிவு அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வேலை

மலையில் வேலை மூன்று தாளத்தில் நடக்கிறது: சீசன் வேலை, பயிர் வேலை, மாதச் சம்பள வேலை. சீசன் வேலையில் நுழைந்து மாதச் சம்பளத்துக்கு நகர்வதுதான் பாதுகாப்பான வழி.

*சீசன் வேலை.* ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது. ஓட்டல் சமையல், ரூம் பாய், படகு, கார். சுண்ணாம்பாறு படகுத்துறையில் வேலை பார்த்தவருக்கு நேரடியாகப் பொருந்தும் இடங்கள் ஊட்டி ஏரியும் பைக்காராவும். இரண்டு படகு இல்லங்களும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையவை. இயந்திரப் படகு ஓட்டிய அனுபவச் சான்று, உயிர்காப்புப் பயிற்சிச் சான்று இரண்டையும் புதுச்சேரியிலேயே எழுத்தில் வாங்கிச் செல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. சேரும்போது முதலாளியிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஜூன்ல சம்பளம் உண்டா, பாதிச் சம்பளமா, ஊருக்குப் போகச் சொல்வீங்களா அண்ணா?" பதில் எதுவானாலும், தெரிந்து சேருங்கள்.

மசினகுடிப் பக்கத்து ரிசார்ட்டில் வேலை என்றால் உரிமம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகள் பல 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் பூட்டப்பட்டன.

*பேக்கரி.* புதுச்சேரியில் ரொட்டி அடுப்பில் நின்றவருக்கு ஊட்டியில் மவுசு உண்டு. வர்க்கி அங்கே தினசரித் தேவை; வீட்டுச் சாக்லேட்டும் அப்படியே. ஈஸ்ட் பொங்கும் நேரம் மட்டும் மாறும், இட்லி மாவுக்குச் சொன்னதை நினைவில் வையுங்கள்.

*தேயிலையும் காய்கறியும்.* பச்சைத் தேயிலை பறிப்பு எடைக்குக் கூலி. கை பழகும் வரை வருமானம் குறைவு. மழையில் அட்டைக்கடி, சரிவில் நிற்கும் முழங்கால் வலி. எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர் நிறைய. இதே வேலைக்குத்தான் 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத் தமிழர் இங்கே வந்து இறங்கினார்கள். 1968-இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டேன்டீ, அவர்களுக்காகவே உருவானவை. மலையில் பிறந்து மலைக்கே வந்தவர்களுக்குக்கூட அந்த இடப்பெயர்வு சுலபமாக இருக்கவில்லை. ஆகவே கடற்கரை ஆட்களுக்குத் தேயிலைப் பறிப்பை முதல் வேலையாக நான் சொல்லமாட்டேன். தொழிற்சாலைக்குள் வேலை கிடைத்தால் பரவாயில்லை. இன்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும் தனியார் ஆலைகளிலும் பிட்டர், எலக்ட்ரீஷியன், டிரைவர் தேவைப்படும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுவடைக்கு விடியும் முன்பே ஆட்கள் வேனில் ஏறுவார்கள். கூலி நல்லது, இருட்டில் விலங்கு ஆபத்தும் உண்டு.

*மாதச் சம்பளம்.* தேடும் வரிசை: லவ்டேல், ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகள் (சமையல், விடுதிக் காப்பாளர், டிரைவர், நர்ஸ்), மருத்துவமனைகள், எல்லநள்ளி ஊசித் தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூர் பாஸ்டியர் நிலையம், வெலிங்டன் ராணுவப் பகுதி. கடைசி மூன்றில் முறையான அறிவிப்பு வழிதான் நுழைய முடியும். "உள்ளே ஆள் இருக்கு, பணம் கொடுத்தால் வாங்கித் தரேன்" என்பவர் ஊட்டி பஸ் ஸ்டாண்டிலும் இருப்பார், காசு கொடுக்காதீர்கள்.

பொழுதுபோக்கு

ஜூலையில் மாலை ஆறு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடும். கடற்கரைக் காற்றில் ராத்திரி பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இதுதான் முதல் சோர்வு. பலர் அதை டாஸ்மாக்கில் தீர்க்கப் பார்க்கிறார்கள். குடித்தால் குளிர் குறைவதுபோலத் தோன்றும். உண்மையில் உடல் வெப்பம் வெளியேறும். வெளியே விழுந்து கிடந்தால் உறைபனி இரவில் உயிர் போகும்.

செலவு குறைந்த வழிகள்: குன்னூர்–ஊட்டி மலை ரயிலில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. உள்ளூர்க் கால்பந்து அணியில் சேர்ந்துவிட்டால் ஒரு மாதத்தில் பாதி ஊர் பழக்கமாகிவிடும். படிப்பவருக்கு மாவட்ட மைய நூலகம். படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அழைத்தால் போங்கள், அவர்கள் முறையைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கோயிலை நெருங்கும் முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

காட்டுக்குள் நடப்பதற்கு மூன்று விதி:

1. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கால் வைப்பது குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள். ஊட்டியின் கெய்ர்ன்ஹில் போன்ற எளியவற்றில் தொடங்கி, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.
2. மழைக்காலத்தில் முழுக்கால் சட்டை, உப்புப் பொட்டலம். அட்டையைப் பிய்க்காதீர்கள், உப்பு தூவினால் தானே விழும்.
3. தண்ணீரில் இறங்காதீர்கள். இது முக்கியமாக நோணாங்குப்பத்து இளைஞர்களுக்கு. முகத்துவாரத்தில் நீந்திப் பழகிய தைரியத்தில் பைக்காராவிலோ அவலாஞ்சி அணையிலோ குதித்தால், அந்தக் குளிரில் மூச்சு திணறிக் கை கால் மரத்துவிடும். அணைகளில் குளிக்கத் தடையும் உண்டு.

தூண்டில் போடாமல் இருக்க முடியாதவர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, எந்த நீர்நிலையில் எந்தக் காலத்தில் அனுமதி என்று தெரிந்துகொண்டு போகலாம். அணைப்பகுதிகள் மின்வாரியம், வனத்துறை இரண்டின் கட்டுப்பாட்டிலும் வருவதால் ஒரு துறையின் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு ஊருக்கு வர நினைப்பவருக்கு விடுமுறை கிடைப்பது கடினமல்ல. அது ஊட்டியில் ஆள் குறைவான காலம். சேலம் வழியாகப் பஸ் மாறி வருவதாக இருந்தால் தேருக்கு முந்தைய புதன்கிழமையே கிளம்பிவிடுங்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டால் ஒரு பகல் கையில் இருக்கும்.